ஆள் இல்லை என்று நான் சொன்ன லயம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடத்தான். படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். என் மகளிடம் கொடுத்தால் நன்றாகத் திருத்தி எழுதிக் கொடுப்பாள். ஆனால் இதில் இருக்கும் விஷயத்தை மற்றவர்கள் படிப்பதற்கு முந்தி அவள் படிக்க வேண்டாம் என்று நினைத்தேன். அதனால் நானே எழுதுகிறேன்.

நாங்கள் இருந்த தோட்டம் மலாக்காவில், மெர்லிமாவுக்கு உள்ளே இருந்தது. பெரிய சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, செம்மண் பாதையில் அரை மணி நேரம் நடக்க வேண்டும். பலகை வீடுகள், இரண்டு வரிசை லயம், நடுவில் தண்ணீர்க் குழாய், ஒரு கோடியில் கோயில், மறு கோடியில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட, இப்போது மூடிப்போன ஆயாக்கொட்டகை. தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே பால் மரம் வெட்டுவது, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது, நின்றுவிட்டது. ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாக வெளியேறினார்கள். நான் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனேன். பேக்டரி பஸ் விடியும் முன்னே வந்து பெரிய சாலையில் நிற்கும். வேலைதான் மாறியது, வீடு மாறவில்லை. எங்களையும் சேர்த்துப் பதினோரு குடும்பங்கள் லயத்திலேயே இருந்தன.

பிறகு நிலம் கைமாறியது. வாங்கியது வீடு கட்டி விற்கும் ஒரு கம்பெனி. காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. வீட்டுக்கு வீடு கொடுத்தால் போகிறோம், இல்லாவிட்டால் போக மாட்டோம் என்று எல்லாரும் ஒன்றாக நின்றோம். கோயில் தலைவர்தான் எங்களுக்காகப் பேசினார். கம்பெனியும் முடியாது என்று சொல்லவில்லை. ஓரத்தில் கட்டும் மலிவு விலை வீடுகளில் சிலதை ஒதுக்கலாம், ஆனால் உண்மையிலேயே இங்கே குடியிருக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்றது.

டிவிக்காரர்கள் வந்தது அந்த நேரத்தில்தான்.

அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கையை அப்படியே திரும்பச் செய்து காட்டும் நிகழ்ச்சி என்றார்கள். பழைய லயம் உருப்படியாக மிஞ்சியிருப்பது எங்கள் தோட்டத்தில்தானாம். தலைவருக்கு மகிழ்ச்சி. டிவியில் வந்தால் பெரிய ஆட்கள் கண்ணில் படும், நம் வீட்டு விஷயம் தானாக நடந்துவிடும் என்று கணக்குப் போட்டார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. யாரும் மறுக்கவில்லை. இரண்டு நாள் எடுத்தார்கள்.

முதல் நாள் முழுக்க லயத்தைப் பழசாக்கும் வேலை. கூரை மேல் இருந்த டிவி அரியல்களை நாங்களே ஏறிக் கழற்றினோம். மோட்டார் சைக்கிள்களை ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் தள்ளி வைத்தோம். நீலத் தண்ணீர்த் தொட்டிகளைச் சாக்கு போட்டு மூடினோம். தீபாவளிக்கு அடித்த பச்சைச் சாயம் கதவுகளில் பளபளவென்று இருந்தது. அதன் மேல் கரித்தூளும் செம்மண்ணும் குழைத்துத் தேய்த்தார்கள். என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். யார் கழுவுவது என்று மட்டும் ஒரு முறை கேட்டாள்.

பெண்களை வெறுங்காலோடு நடக்கச் சொன்னார்கள். எதிர் வீட்டு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த அக்காவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குழாயிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. வேறு தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். புருஷன் எங்கள் தோட்டத்து லோரியில் பால் ஏற்றும் வேலை செய்தார். புருஷன் இறந்த பிறகும் அக்கா அதே வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. தோட்டத்துக் கணக்கில் அவர் பேர் என்றைக்குமே ஏறியதில்லை. ஒப்பந்த வேலை எடுக்கும் கொந்திராக்காரர்களிடம் புல் வெட்டும் வேலை, மருந்து அடிக்கும் வேலை, இப்படியேதான் காலம் தள்ளினார். அடையாள அட்டையில் அவருடைய பழைய தோட்டத்து விலாசம்தான் இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்கு மலாக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் என் மூத்த மகள் அந்த வீட்டில்தான் சாப்பிட்டாள், அந்த வீட்டில்தான் தூங்கினாள்.

“நாங்க சப்பாத்து போட்டுத்தான் தம்பி தீம்பாருக்குப் போனோம். அட்டையும் முள்ளும் உங்கம்மாவா வந்து எடுத்துவிடும்?” என்றார் அக்கா. தீம்பார் என்றால் பால் மரக் காடு.

டிவிக்காரத் தம்பி சிரித்தார். பார்க்கிறவர்கள் வெறுங்காலைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்றார். கடைசியில் அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தார்.

மறுநாள் காலைப் பெரட்டு எடுத்தார்கள். பெரட்டு என்பது விடியும் முன்னே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. வெளிச்சம் போதாது என்று காலை பத்து மணிக்கு எடுத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. நாங்கள் குளிரில் நடுங்குவது போலத் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றோம். பால் வெட்டும் காட்சியும் அப்படித்தான். லயத்தை ஒட்டி நின்ற மரங்கள் மூன்று வருஷமாகக் கத்தி படாதவை. பதினோரு மணி வெயிலில் எந்த மரம் பால் கொடுக்கும்? கடையிலிருந்து டின் பால் வாங்கி வரச் சொல்லித் தண்ணீரில் கலந்து, மரத்தில் பால் பிடிக்கும் மங்குகளில் ஊற்றினார்கள். அரை மணி நேரத்தில் எல்லா மங்கிலும் எறும்பு. அதைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அக்காதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார். இந்த மரம் தேத்தண்ணிக்கு நல்லா இருக்கும் என்றார்.

சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. வெள்ளைக்காரத் துரையாக ஒருவரை வேஷம் போட்டுக் கூட்டி வந்திருந்தார்கள். முகத்தில் மாவு மாதிரி பவுடர், அரைக்கால் சட்டை, கையில் பிரம்பு. அவர் எங்களோடு உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டவர். மெர்லிமாவில் கடை வைத்திருக்கிறவர் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் பாதையில் நடந்து வந்தபோது, எங்களில் ஐந்தாறு பேர் யாரும் சொல்லாமலே பாதையை விட்டுப் புல்லில் இறங்கினோம். தலைத்துண்டையும் எடுத்தோம். நானும்தான். டிவிக்காரத் தம்பிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பிரமாதம், அப்படியே செய்யுங்கள் என்றார். அந்த மனிதர் துரை இல்லை என்று என் தலைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் ஒரு ஆளைப் பேச வைக்க வேண்டும் என்றார்கள். நிகழ்ச்சியின் முடிவில் வருகிற பேச்சு. வீட்டு விஷயம் நடக்கும் நேரத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தலைவர் எல்லாரையும் தடுத்தார். பிறகு என்னைக் கை காட்டினார். நான் யாரிடமும் அதிகம் பேசாதவன், கூட்டத்தில் பின்னால் நிற்பவன். இவன் தப்பாக எதையும் உளற மாட்டான் என்பது அவர் எண்ணம்.

என் வீட்டு வாசலில், எதிர் வரிசைக்கு முதுகைக் காட்டி நிறுத்தினார்கள். எதிரில் கேமரா, அதற்குப் பக்கத்தில் டிவிக்காரத் தம்பி. எனக்கு வேர்த்துக் கொட்டியது. எத்தனை வருஷம் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். பிறந்ததிலிருந்து இங்கேதான், இதுதான் என் வீடு என்றேன். அவர் கேமராவை நிறுத்தச் சொன்னார். பக்கத்தில் வந்து என் தோளில் கை போட்டார்.

“அண்ணே, அப்படிச் சொன்னா சரியா வராதுலா. இது பழைய காலத்த காட்டுற ப்ரோகிராம். முடிவு நல்லபடியா இருக்கணும். இப்ப இந்த லயத்துல ஆள் இல்ல, எல்லாரும் டவுன் பக்கம் போயி நல்லா இருக்காங்கன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்.”

“ஆள் இருக்காங்களே தம்பி,” என்றேன்.

“சும்மா சொல்லுங்கலா அண்ணே. நடிப்புத்தான? காலையில இருந்து எல்லாரும் நடிக்கலையா?”

அது உண்மைதான். காலையிலிருந்து டின் பாலைப் பால் என்று நடித்தோம். இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு முறை தடுமாறினேன். மூன்றாவது முறை சொல்லிவிட்டேன். இங்கே இப்போது ஆள் யாரும் இல்லை, எல்லாரும் வெளியே போய்விட்டார்கள், நன்றாக இருக்கிறார்கள் என்று. பிறகு எனக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட் கொடுத்தார்கள்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அது டிவியில் வந்தது. அக்கா வீட்டில்தான் கலர் டிவி இருந்தது. எல்லாரும் அங்கே போய் உட்கார்ந்தோம். வெறுங்கால் வந்தது, பெரட்டு வந்தது, துரை வந்தார். மங்கில் டின் பால் வந்தபோது கூரை பிய்ந்துவிடும் போலச் சிரித்தோம். கடைசியில் என் முகம் வந்தது. என் குரலை அதுவரைக்கும் நான் வெளியிலிருந்து கேட்டதில்லை. வேறு யாரோ போல இருந்தது. ஆள் யாரும் இல்லை என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அக்காதான் வாயைத் திறந்தார்.

“ஆள் இல்லையாமில்ல. அப்ப இங்க உக்காந்திருக்கிறது எல்லாம் பேயி.”

அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கொஞ்ச நாள் லயத்தில் அதுதான் பேச்சு. குழாயடியில் பார்த்தால், என்ன பேயி, வேலைக்கா என்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் சிரிக்கும் வரைக்கும் பரவாயில்லை என்றிருந்தது.

கம்பெனி சிரிக்கவில்லை. வீடு ஒதுக்கும் பேச்சு டிஸ்ட்ரிக்ட் ஆபிசுக்குப் போனபோது, உங்கள் ஆளே டிவியில் லயம் காலி என்று சொல்லியிருக்கிறார், இப்போது இருப்பவர்கள் வீடு கிடைக்கும் என்று திரும்பி வந்தவர்களாகக்கூட இருக்கலாம் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். அதனால் ஒவ்வொருவரும் அத்தாட்சி காட்ட வேண்டும் என்று முடிவானது. அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம் இருந்தவர்களுக்கும், வேலை அட்டை வைத்திருந்தவர்களுக்கும் தொல்லை இல்லை. எனக்கு இரண்டும் இருந்தன. பத்துக் குடும்பங்களுக்கு வீடு எழுதிக் கடிதம் வந்தது. அக்காவுக்கு மட்டும் வரவில்லை. அவரிடம் காட்ட ஒரு தாளும் இல்லை. நேரில் பார்த்த சாட்சி ஒருவரை மட்டும், ஒரே முறை கூட்டி வரலாம் என்றார்கள்.

அக்கா என்னைக் கேட்டார். எதிர் வீட்டுக்காரன், தினமும் பார்த்தவன். டிவியில் தப்பாகச் சொன்னவனும் நான்தான், நானே போய் அது நடிப்பு என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. நான் சரி என்றேன்.

பேக்டரியில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். அக்கா அன்றைக்குக் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி நல்ல சேலை கட்டியிருந்தார். என் சட்டைப் பையில் எனக்கு வந்த கடிதம் இருந்தது. கேட்டால் காட்டலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். வெளியே வராந்தாவில் கம்பெனி ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நம்ம ஆள்தான், தமிழில்தான் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார்.

“லெட்டர் கெடைச்சிருச்சில்ல அண்ணே? பத்திரமா வச்சுக்குங்க. சாவி அடுத்த வாரம் குடுப்பாங்க. நீங்க பேச்ச மாத்துனா, அப்புறம் எல்லா பைலையும் முதல்ல இருந்து பாக்கணும்னு சொல்வாங்க. நான் சொல்றதச் சொல்லிட்டேன்.”

அவ்வளவுதான். அவர் மிரட்டவில்லை. எனக்குத் தகவல் கொடுத்தார்.

உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. மேசை மேல் ஒரு வீடியோ கேசட். அதைப் போட்டுக்கூடக் காட்டவில்லை. சும்மா வைத்திருந்தார்கள். அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பதறாமல், மெதுவாக, எனக்குப் புரிகிற மலாயில் கேட்டார். டிவியில் பேசியது நீங்களா? நான்தான் என்றேன். அந்த நிகழ்ச்சி எடுத்த சமயத்தில் இந்த அம்மா அந்த லயத்தில் குடியிருந்தாரா?

அக்கா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கை மடியில் இருந்தது. நான் அந்தக் கையைப் பார்த்தேன். பிறகு கேசட்டைப் பார்த்தேன்.

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். மலாயில் அது மூன்றே சொற்கள்.

அதிகாரி இன்னொரு முறை கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஏதோ எழுதினார்.

வெளியே வந்ததும் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் எனக்கு ரொட்டியும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தார். நான் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தேன். அதைப் பார்த்து அவரே என்னைத் தேற்றினார்.

“விடு தம்பி. மேசைக்கு முன்னால உனக்கு நாக்கு ஒட்டிக்கும்னு தெரியும். தெரிஞ்சும் உன்னக் கூட்டிட்டுப் போனது என் தப்பு.”

நான் தலையை ஆட்டினேன். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஊரும் அப்படித்தான் நம்பியது. கூச்ச சுபாவம், அதிகாரியைக் கண்டதும் நடுங்கிவிட்டான் என்றார்கள். நான் கூச்சப்படுகிறவன்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு நாக்கு ஒட்டவில்லை. ஞாபகம் இல்லை என்று தெளிவாகச் சொன்ன நாக்கு, ஞாபகம் இருக்கிறது என்றும் சொல்லியிருக்கும். எனக்கு வீடு வேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

லயத்தை இடித்தார்கள். நாங்கள் புது வீட்டுக்குப் போனோம். கல் வீடு, இரண்டு அறை, உள்ளேயே குழாய். அக்கா உம்பாய்ப் பக்கம் போனார். கடலோர மீன் கடை ஒன்றில் மீன் கழுவும் வேலை. கடைக்குப் பின்னால் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தார். தீபாவளிக்கு என் மகள்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். நான் போவதில்லை. ஓவர்டைம் என்பேன்.

மூன்று வருஷம் போயிருக்கும். பள்ளி விடுமுறைக்கு என் மச்சான் குடும்பத்தோடு வடக்கிலிருந்து வந்தார். மலாக்கா டவுனைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார்கள். கோட்டை, ஆறு எல்லாம் பார்த்த பிறகு ஒரு மியூசியத்துக்குள் நுழைந்தோம். வெளியே அவ்வளவு வெயில், உள்ளே ஏர்கண்டிஷன் என்பதால்தான். மாடியில் ஒரு அறையைத் தோட்டத்து லயம் மாதிரி செய்து வைத்திருந்தார்கள். பலகைச் சுவர், மண்ணெண்ணெய் விளக்கு, தோளில் பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பும் இரண்டு வாளியும். பால் வெட்டும் பெண்ணாக ஒரு பொம்மை. கத்தியை ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி பிடித்திருந்தது. மங்குக்குள் வெள்ளைச் சாயம். இந்த முறை எறும்பு வராது என்று நினைத்துக்கொண்டேன்.

மூலையில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதே நிகழ்ச்சி. கீழே மலாயில் எழுத்து ஓடியது. என் முகம் வந்தது.

“மச்சான், உங்களையும் மியூசியத்துல வச்சிட்டாங்க. செத்தவங்களத்தான் வைப்பாங்கன்னு நெனச்சேன்,” என்று மச்சான் சிரித்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் வேறு அறைக்குப் போய்விட்டாள்.

அந்த டிவி நிற்காது. முடிந்ததும் முதலிலிருந்து ஓடும். சீருடை போட்ட பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், ஆள் யாரும் இல்லை என்று நான் சொல்வதைக் கேட்டார்கள், போனார்கள். அடுத்த வரிசை வந்தது. மறுபடியும் சொன்னேன்.

அதற்குப் பிறகு வேலை இல்லாத நாட்களில் நான் தனியாக அங்கே போக ஆரம்பித்தேன். ஏன் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பல் வலிக்கும்போது நாக்கு அந்தப் பல்லையே தொட்டுக்கொண்டிருக்கும் இல்லையா, அது மாதிரிதான். இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ போனபோது, என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு எனக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தேன்.

அன்றைக்கு நான் பேசும்போது, பின்னால் ஒரு பெண் காண்டா தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று அக்காவை நிற்க வைத்திருந்தார்கள். காட்சியில் அவர் மூன்றாவது வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறார். கதவைச் சாத்துகிறார். பூட்டைப் போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறார். சாவியை இடுப்பில் செருகுகிறார். அதற்குப் பிறகுதான் காண்டாவைத் தோளில் எடுக்கிறார். யாரும் அவரைப் பூட்டச் சொல்லவில்லை. நடிப்புக்காக வந்த பெண் பூட்ட மாட்டாள். அவருக்கு அது வீடு. உள்ளே கலர் டிவி இருந்தது, புருஷன் படம் இருந்தது. வெளி ஆட்கள் இத்தனை பேர் நடமாடும் இடத்தில் வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

அவர் பூட்டிக்கொண்டிருக்கும்போதே, முன்னால் நின்று நான் ஆள் இல்லை என்கிறேன்.

அந்த அறையில் ஒரு நீளப் பலகை நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்து நாலு முறை பார்த்தேன். டிஸ்ட்ரிக்ட் ஆபிஸ் மேசையில் கிடந்த கேசட்டிலும் இதுதானே இருந்திருக்கும்? அதைப் போட்டுப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பின்னால் பாருங்கள், பூட்டுவது யார் என்று காட்டியிருக்கலாம். எனக்கு அது தெரியாது என்பது உண்மை. ஆனால் தெரிந்திருந்தாலும் அன்றைக்குச் சொல்லியிருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். பதில் நன்றாக இல்லை.

கீழே கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண்ணிடம் போய், மாடி டிவியில் பேசும் ஆள் நான், நான் சொன்னது பொய் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்யவில்லை. வாயால் சொன்னதை வைத்து எதையும் மாற்ற முடியாது, எந்த மொழியிலானாலும் எழுதிக் கொண்டு வாருங்கள், மேலதிகாரிக்கு அனுப்புகிறேன் என்றாள். அங்கிருந்து நேராக டிஸ்ட்ரிக்ட் ஆபிசுக்கும் போனேன். அங்கேயும் அதே பதில்தான். பழைய பைலைத் திறக்கச் சாட்சி எழுத்தில் கொடுக்க வேண்டும். திறப்பார்களா என்று உறுதி சொல்ல மாட்டார்கள். எங்கள் புது வீட்டு வரிசையிலேயே கடைசி இரண்டு வீடு இன்னும் யாருக்கும் கொடுக்காமல் கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறேன்.

எழுதுவதற்கு முன்னால் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒரு ஞாயிறு மதியம் மோட்டாரில் உம்பாய்க்குப் போனேன். கடைக்குப் பின்னால் சின்ன முக்காலியில் உட்கார்ந்து கணவாய் கழுவிக்கொண்டிருந்தார். கை முழுக்கக் கறுப்பு மை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பசியாறியாச்சா என்று கேட்டார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“அக்கா, அன்னிக்கு ஆபிசுல எனக்கு ஞாபகம் இருந்துச்சு,” என்றேன்.

அவருக்கு உடனே புரியவில்லை. என்ன ஆபிஸ் என்றார். பிறகு கை நின்றது.

“உனக்குப் பேச வரலன்னு நெனச்சேன்.”

“வந்துச்சுக்கா. பயந்துட்டேன். எனக்குக் குடுத்த வீடு போயிரும்னு சொன்னாங்க.”

அக்கா குழாயைத் திறந்து கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். கணவாய் மை சீக்கிரம் போகாது.

“இத்தன வருசமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். பாவம் அந்தத் தம்பி, வாயில்லாதவன், அவன ஒண்ணும் சொல்லாதீங்கன்னு.” அவர் குரல் உயரவில்லை. “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லடா.”

எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். வீடு கிடைக்குமா தெரியாது, ஆனால் எழுதுகிறேன் என்றேன்.

“எழுது. எனக்குப் பாவம் பாத்து எழுதாத. நடந்தத எழுது. உம் பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு எழுது. அவளுக்கும் அதுதான் வீடு.”

அப்புறம் அவர் முக்காலியில் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார். லயத்தில் அவர் வீட்டுக்குப் போய் நான் தேத்தண்ணி குடிக்காமல் வந்ததே கிடையாது. அன்றைக்கு அவர் கொடுக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மனைவியிடம் சொன்னேன். டிஸ்ட்ரிக்ட் ஆபிசில் நான் சொன்னதை அவளிடமும் அதுவரைக்கும் சொல்லியிருக்கவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். அக்காவுக்கு வீடு கிடைக்கத்தான் வேண்டும், அதற்காக நம் வீட்டை நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா என்றாள். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது என்றாள். அவள் கேட்டதில் தப்பு இல்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, எழுதுவதானால் எழுதுங்கள், எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்றாள்.

இப்போது இரண்டு தாள் எழுதியிருக்கிறேன். ஒன்று ஆபிசுக்கும் மியூசியத்துக்கும் கொடுப்பது. அதில் பேர், வீட்டு நம்பர் எல்லாம் இருக்கிறது. இன்னொன்று நீங்கள் படிக்கிற இது, நடந்தது முழுக்க. இதில் யார் பேரும் போடவில்லை. ஆபிஸ் தாளில் எழுதியது சின்னதுதான். மூன்றாவது வீட்டில் அந்த அம்மா குடியிருந்தார். நான் சிறுவனாக இருந்தபோது அங்கே மருமகளாக வந்தார். லயத்தை இடிக்க மண்வாரி வந்து நின்ற காலை வரைக்கும் அங்கேதான் இருந்தார். கேட்டபோது எனக்கு இது தெரியும். தெரிந்தே ஞாபகம் இல்லை என்றேன். இதை எழுத யாரும் என்னைத் தூண்டவில்லை. இதனால் எனக்குக் கொடுத்த வீட்டைத் திரும்பக் கேட்டால், அதைப் பற்றியும் பேச நான் நேரில் வருகிறேன்.

நாளைக் காலை லீவு சொல்லியிருக்கிறேன்.

1999 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை.